மாசாணம் மேஸ்திரி வெட்டிய சுரங்கம்

ஒரு குன்றின் ஓரத்து மேட்டில் தாமரைக் குளம் ஒன்று இருந்தது. அந்தக் குளத்தில் செங்கமலம் என்ற ஆமை வாழ்ந்து வந்தது.

குளம் அழகானது, ஆனால் ஆழமில்லாதது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் கரையைவிட்டு விலகிப் போகும். மழை பிந்திவிட்டால் நடுவில் சேறு மட்டுமே மிஞ்சும்.

போன கோடையில் மழை பிந்திவிட்டது. செங்கமலம் கரை மணலில் இட்டிருந்த முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தண்ணீர் இருக்கவேண்டிய திசையில் நடந்தன. அங்கே வெடித்த களிமண்தான் இருந்தது. அவை நடந்துகொண்டே இருந்தன. நடுக்குளத்துச் சேற்றில் புதைந்து கிடந்த செங்கமலத்தால் அவற்றை எட்ட முடியவில்லை. 

இந்தக் கோடையிலும் வானம் வெளுத்தே கிடந்தது. முட்டையிடும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

குன்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி உண்டு. அது வற்றுவதே இல்லை என்று கொக்கு சொல்லும். மானும் முயலும் குன்றேறிப் போய்க் குடித்துவிட்டு வரும். பறவைகளுக்குக் குன்று ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தப் பாறையில் ஆமையால் ஏற முடியுமா? அதிலும், நேற்றுப் பிறந்த குஞ்சால் முடியுமா?

யோசித்து யோசித்து, ஒருநாள் செங்கமலம் காட்டின் தலைவரைப் பார்க்கப் போனது. தலைவர் ஒரு காட்டுப்பன்றி. பெயர் கொம்பையா.

"ஐயா, குன்றுக்கு அடியில ஒரு சுரங்கம் வெட்டிக் குடுத்தா எங்க பிள்ளைங்க நடந்தே ஏரிக்குப் போயிரும்" என்றது செங்கமலம்.

கொம்பையா அதுவரை சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. சுரங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தது.

"சுரங்கமா! நம்ம சுத்துவட்டாரத்துல எந்தத் தலைவரும் செய்யாத வேலை! கூட்டத்தைக் கூட்டு!"

குளக்கரையில் கூட்டம் கூடியது. நிலத்தில் வாழ்பவை கரையில் நின்றன. மீன்கள் தண்ணீரிலிருந்து தலையை நீட்டின.

"யாரு தோண்டுறது?" என்று கேட்டது கொம்பையா.

ஒரு கொழுத்த பெருச்சாளி முன்னால் வந்து நின்றது. அதுதான் மாசாணம் மேஸ்திரி.

"நான் இருக்கையில என்ன கவலை ஐயா? எங்க குடும்பமே தோண்டிப் பிழைக்கிற குடும்பம். எங்க பாட்டன் தோண்டின பொந்துல இன்னைக்கும் பாம்பு குடியிருக்கு!"

"சரி, கூலி என்ன வேணும்?"

மாசாணம் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டது. "கூலியா? உங்ககிட்டயா? வேண்டவே வேண்டாம். தோண்டும்போது மண்ணுக்குள்ள ஏதாவது கிழங்கு தட்டுப்பட்டா, அதை மட்டும் நான் எடுத்துக்கிறேன்."

"கிழங்கு போதுமா!"

"போதும் ஐயா. பொதுக்காரியம்."

கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க! கூலி கேக்காத மேஸ்திரி! இப்படி ஒருத்தரை வேற எந்தக் காட்டுலயாவது பாத்திருக்கீங்களா?"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். செங்கமலமும் முன்னங்கால்களால் தண்ணீரைத் தட்டித் தட்டி மகிழ்ந்தது. அதன் பக்கத்து வீட்டுக் கெளுத்தி மீன் மட்டும் மீசையைக்கூட அசைக்கவில்லை.

"என்னண்ணே, உங்களுக்குச் சந்தோசம் இல்லையா?" என்று கேட்டது செங்கமலம்.

"மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதை கேட்டிருக்கேன் தங்கச்சி. எலியைப் பிடிச்சு மலையைக் கெல்லச் சொன்ன கதையை இப்பத்தான் பாக்குறேன்" என்றது கெளுத்தி.

"நல்ல காரியம் நடக்கையில உங்க வாய்ல நல்ல சொல்லே வராதா?" என்று செங்கமலம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாளே வேலை தொடங்கியது. குளத்து மேட்டுக்குக் கீழே, குன்றின் அடிவாரத்தில், மாசாணம் முதல் பிடி மண்ணைத் தோண்டியது. பின்னங்கால்களால் மண்ணை வெளியே தள்ளியது. தள்ளிய மண் சுரங்கத்தின் வாயைச் சுற்றிப் பிறை வடிவில் குவிந்தது.

வேலையைக் கண்காணிக்கச் சிங்காரம் என்ற கொக்கை நியமித்தார்கள். ஏரியைக் கண்ணால் கண்ட பறவை அது. அதைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால் சிங்காரம் ஒருநாளும் சுரங்கத்துக்குள் போகவில்லை.

"உள்ள போனா இறகு அழுக்காயிரும். வெளியில நின்னாலே தெரியுது. மண்ணு வருதா? வருது. அப்போ வேலை நடக்குது!" என்றது.

தினமும் மாலையில் அது மண்மேட்டின் பக்கத்தில் போய் நிற்கும். பிறகு தலைவரிடம் பறந்து போகும்.

"ஐயா, மேடு என் முழங்கால் உயரம் வந்துருச்சு!"

"பலே!"

"ஐயா, இன்னைக்கு என் வயித்தைத் தொட்டுருச்சு!"

"பலே! பலே!"

மேடு வளர வளர எல்லாருக்கும் நம்பிக்கை வளர்ந்தது. செங்கமலத்துக்கும் வளர்ந்தது. முட்டையிடும் நாள் வந்தபோது அது குளக்கரைக்குப் போகவில்லை. மேட்டைவிட்டுக் கீழே இறங்கி, சுரங்கத்தின் வாய்க்குச் சற்று மேலே இருந்த சரிவு மணலில் குழி பறித்து முட்டைகளை இட்டது. மணலால் மூடி, வயிற்றால் அழுத்திச் சமன் செய்தது. 'பொரிஞ்சு வந்தா, சரிவுல கீழே நடக்கும். கீழே நடந்தா சுரங்கம். சுரங்கத்துல நடந்தா ஏரி. இந்தத் தடவை தப்பாது' என்று நினைத்துக்கொண்டது.

வேலை நடந்தது. மாசாணம் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனது.

"என்ன மேஸ்திரி, உடம்பு இப்படி ஊதிப்போச்சு?" என்று ஒருநாள் செங்கமலம் கேட்டது.

"வேலைப் பளு தாயி, வேலைப் பளு" என்று பெருமூச்சு விட்டது மாசாணம்.

"உள்ள வந்து ஒருதடவை பாக்கட்டுமா?"

"ஐயய்யோ! மண்ணு சரிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றது? வேலை முடியுற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது."

ஒருநாள் காலையில் குளத்தில் ஒரு தாமரை இலை மஞ்சளாகி இருந்தது. மறுநாள் அதன் பக்கத்து இலை. பிறகு ஒரு பூ, காம்போடு சாய்ந்து தண்ணீரில் படுத்தது. செங்கமலம் அந்தக் காம்பை மெல்ல இழுத்துப் பார்த்தது. கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை.

"வெயிலு" என்றது கெளுத்தி.

"வெயில் மேலேருந்துதானே அடிக்கும் அண்ணே? இது கீழேருந்து போயிருக்கே!"



அன்று மாலை மண்மேட்டில் புதிதாக விழுந்த மண் கறுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. அதில் சின்னச் சின்ன நத்தை ஓடுகள் மின்னின.

சிங்காரம் அலகால் அதைக் கிளறியது. சிறகடித்துக்கொண்டு தலைவரிடம் பறந்தது.

"ஐயா! சேறு! கறுப்புச் சேறு! ஏரியைத் தொட்டாச்சு!"

"தொட்டாச்சா!" கொம்பையா துள்ளிக் குதித்தது. "நாளைக்கே திறப்பு விழா! மண்மேட்டுக்கு நடுவுல வழி வெட்டுங்க. நான் நடந்து வரணும். வழியோட ரெண்டு பக்கமும் கொடி கட்டுங்க. மயிலைக் கூப்பிடுங்க!"

மண்மேட்டின் நடுவை வெட்டி வழி செய்தார்கள். தலைவருக்கு ஏற்றபடி அகலமான வழி.

செங்கமலம் அந்தக் கறுப்புச் சேற்றை முகர்ந்து பார்த்தது. நத்தை ஓடு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தது. ஏரியின் நத்தையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த நத்தைகளைத்தான் அது வாழ்நாள் எல்லாம் தின்று வந்திருக்கிறது.

'உள்ளே போகாமல் தெரியாது' என்று முடிவு செய்தது. சரிவு மணலை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. மேஸ்திரி வழிக்கொடிகளுக்கு அடியில் கால் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆமை சத்தமில்லாமல் சுரங்கத்துக்குள் நுழைந்தது.

கொஞ்ச தூரம் வழி நேராகப் போயிற்று. பிறகு இடது பக்கம் திரும்பியது. திரும்பிய இடத்தில் வள்ளிக்கிழங்கின் தோல் கிடந்தது. பிறகு வலது பக்கம் திரும்பியது. அங்கே கோரைக்கிழங்கின் தோல். இன்னொரு திருப்பம், இன்னொரு தோல். கிழங்கு இருந்த பக்கமெல்லாம் சுரங்கம் போயிருந்தது. கிழங்கு இல்லாத பக்கம் ஒரு சாண்கூடத் தோண்டவில்லை. குன்று இருந்த பக்கம் வெறும் பாறை. பாறையில் ஏது கிழங்கு?

அதன் பிறகு வழி மேல்நோக்கி ஏறியது. காலுக்கு அடியில் மண் குளிர்ந்தது. ஒரு வாசனை வந்தது. செங்கமலம் நின்றுவிட்டது. தன் வீட்டின் வாசனை யாருக்குத்தான் தெரியாது? இருட்டில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பாதி தின்ற தாமரைக் கிழங்குகள் கூரையிலிருந்து தொங்கின. அவற்றின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

தலைக்கு மேலே, மண்ணுக்கு அப்பால், ஒரு குரல் மங்கலாகக் கேட்டது.

"எங்க போய்த் தொலைஞ்சா இந்தச் செங்கமலம்? விழா பாக்கப் போயிருப்பா! அறிவு கெட்ட ஆமை!"

கெளுத்தியின் குரல்!

ஆமை திரும்பியது. அது எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஆமையின் வேகம்தானே! அது வாயிலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்திருந்தது. கொடிகள் ஆடின. மயில் தோகை விரித்து நின்றது. காடே திரண்டிருந்தது. கொம்பையா காட்டுமல்லி மாலையோடு சுரங்கத்தின் வாயில் நின்றது.

"ஐயா, நிறுத்துங்க!" என்று மூச்சு வாங்கியது செங்கமலம். "சுரங்கம் ஏரிக்குப் போகல. சுத்திக்கிட்டு நம்ம குளத்துக்கு அடியில வந்து நிக்குது!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள போய்ப் பாத்தேன். தண்ணி சொட்டுது. மேல கெளுத்தி பேசுற சத்தம் கேக்குது."

சிங்காரம் சிரித்தது. "ஏன், ஏரியில கெளுத்தி இருக்காதா?"

"இருக்கும். ஆனா என் பேரைச் சொல்லித் திட்டாது!"

கூட்டத்தில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாசாணம் கையைப் பிசைந்தது. "பாத்தீங்களா ஐயா? இதுக்குத்தான் பொதுக்காரியத்துக்கே வரக் கூடாதுன்னு எங்க பாட்டன் சொல்வாரு. இன்னும் ஒரே ஒரு அடி பாக்கி. உத்தரவு குடுங்க, உடைச்சு விட்டுர்றேன்!"

உண்மையில் அங்கே ஒரு கிழங்கு பாக்கி இருந்தது. குளத்துத் தாமரைகளுக்கெல்லாம் தாய்க்கிழங்கு அது. அதை நினைத்து மாசாணம் எச்சில் விழுங்கியது.

செங்கமலம் சுரங்க வாயின் குறுக்கே போய் உட்கார்ந்தது. தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"விழா நேரத்துல அபசகுனம்!" என்று கொம்பையா மூக்கால் ஒரு நெம்பு நெம்பியது. ஆமை உருண்டு போய் மல்லாந்து விழுந்தது. பிறகு நடந்ததை எல்லாம் அது தலைகீழாகத்தான் பார்த்தது.

மாசாணம் உள்ளே ஓடியது. மயில் ஆடியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

குன்று தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. அடுத்து ஒரு காற்று வந்தது. அதன் பின்னால் மாசாணம் வந்தது. ஓடி வரவில்லை, பறந்து வந்தது. வாயில் தாய்க்கிழங்கு இருந்தது. அதன் பின்னால் தண்ணீர்!

"ஏரி!" என்று கத்தியது கொம்பையா. "நாம ஏரிக்குப் போக நினைச்சோம். ஏரியே நம்மைப் பாக்க வந்துருச்சு!"

தண்ணீரோடு தண்ணீராக ஒரு கெளுத்தி மீன் வந்து தலைவரின் காலடியில் விழுந்தது. சிங்காரம் பழக்க தோஷத்தில் அலகைத் திறந்தது.

"மூடு வாயை! விருந்தாளி!" என்று அதட்டியது கொம்பையா. பிறகு கழுத்து மாலையைக் கழற்றிக் கெளுத்திக்குப் போட்டது. "வாங்க, வாங்க! குன்றுக்கு அந்தப் பக்கத்திலேருந்து வந்த முதல் விருந்தாளியே, வாங்க! பயணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

கெளுத்தி மாலைக்குள்ளிருந்து தலையை நீட்டியது. "எந்தப் பக்கமய்யா? நேத்துக்கூட என் தலைக்கு மேல நின்னு தண்ணி குடிச்சீரே! தூங்கிக்கிட்டு இருந்த என்னை இழுத்துக்கிட்டு வந்து மாலை வேற போடுறீரா?"

எல்லாரும் அண்ணாந்து மேட்டைப் பார்த்தார்கள். அங்கே தாமரைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்துகொண்டிருந்தன. குளம் இறங்கிக்கொண்டிருந்தது.

மல்லாந்து கிடந்த செங்கமலத்தைத் தண்ணீர் வந்து தொட்டது, தூக்கியது, புரட்டி நிமிர்த்தியது. அதன் குளமே வந்து அதை நிமிர்த்திவிட்டது. ஆமை தலையை நீட்டிச் சுற்றிப் பார்த்தது. பிறை போல வளைந்த மண்மேடு தண்ணீரைத் தடுத்து நின்றது. ஆனால் நடுவில் வெட்டிய வழியில் தண்ணீர் பாய்ந்து, கொடிகளை அடித்துக்கொண்டு, கீழே காய்ந்த காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. தரை அதை உறிஞ்சிக் குடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் குளமும் இருக்காது, ஒன்றும் இருக்காது. சரிவு மணலுக்குள் குஞ்சுகள் கண் விழிக்கும் நாள் வந்துகொண்டிருந்தது.

செங்கமலம் அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தியது.

"ஐயா! வழியை அடைங்க!"

"எதை வச்சு அடைக்கிறது?"

"நீங்க படுங்க!"

"நானா! அது நான் நடந்து வர வெட்டின வழி!"

"உங்க அளவுக்கு வெட்டினதுனாலதான் சொல்றேன்! நடந்தது போதும் ஐயா, படுங்க!"

கொம்பையா தண்ணீரைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. கூட்டம் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தது. போய் அந்த வழியின் குறுக்கே தொப்பென்று படுத்தது. அளவெடுத்தாற்போல அடைபட்டது.

"மண்ணைத் தள்ளுங்க!" என்றது செங்கமலம்.

மான்கள் குளம்பால் தள்ளின. முயல்கள் பின்னங்காலால் உதைத்தன. மயில்கூடத் தோகையைச் சுருட்டிக்கொண்டு காலால் சீய்த்தது. தலைவரின் முதுகு மறைந்தது, வயிறு மறைந்தது, மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. தண்ணீர் நின்றது. பிறகு மெல்ல மெல்ல உயர்ந்தது.

முதலில் முனகிய கொம்பையா, சற்று நேரத்தில் முனகுவதை நிறுத்தியது. சேறு குளிர்ச்சியாக இருந்தது. அதன் கண்கள் சுகமாகச் செருகின. மண் இறுகும்வரை அது அங்கேயே கிடந்தது. அந்தத் திட்டத்தில் தலைவர் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

எழுந்து வந்ததும் அது சேற்றை உதறிவிட்டுச் சொன்னது: "இப்படி ஒரு நீர்நிலை இந்த இடத்துல வரணும்னு நான் முதல்லேருந்தே யோசிச்சு வச்சிருந்தேன்."

"ஆமாம் ஐயா. இதுக்குக் குன்றடி ஏரின்னு பேரு வைக்கலாம்" என்றது சிங்காரம்.

மாசாணத்தை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அது கிழங்கை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகப் பேசியது. "என்ன தப்பு செஞ்சேன்? கிழங்குதான் கூலின்னு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க? கூலி கிடைச்ச பக்கம் தோண்டினேன். கிடைக்காத பக்கம் எந்த மடையன் தோண்டுவான்?"

அதற்குள் பக்கத்துக் காட்டில் கிணறு வெட்ட ஆள் தேடுவதாகச் செய்தி வந்தது. குன்றடி ஏரி கட்டிய மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டு மாசாணம் அங்கே கிளம்பிப் போயிற்று.

புதிய குட்டை சின்னது, ஆனால் ஆழமானது. குன்றின் நிழல் பாதிப் பொழுது அதன்மேல் விழுந்தது. அதனால் வெயில் அதை அவ்வளவு சீக்கிரம் குடித்துவிட முடியவில்லை. செங்கமலம் நாள் முழுவதும் அதன் விளிம்பில் கிடந்து சரிவையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் சரிவு மணல் அசைந்தது. முதலில் ஒரு சின்ன மூக்கு. பிறகு ஒரு சின்ன ஓடு. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று. அவை யாரையும் வழி கேட்கவில்லை. சரிவில் கீழே நடந்தன, தடுக்கி விழுந்தன, உருண்டன, மறுபடி நடந்தன. கடைசியில், பொளக், பொளக் என்று தண்ணீரில் விழுந்தன.

"எண்ணிப் பாத்தியா தங்கச்சி? எல்லாம் வந்துருச்சா?" என்று கேட்டது கெளுத்தி.

குஞ்சுகள் தன் கழுத்தின்மேல் ஏறி இறங்குவதைச் செங்கமலம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மழை வந்தது. குட்டை நிறைந்தது. மீன் பெருகியது, தவளை பெருகியது. தாமரை மட்டும் அந்தக் குட்டையில் பூக்கவே இல்லை. கிழங்கு இருந்தால்தானே பூக்க! உச்சிவெயிலில் குஞ்சுகள் ஒதுங்க இலை நிழல் இல்லாததால், செங்கமலம் தன் ஓட்டை நீருக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கூலி எந்தப் பக்கம் கிடைக்கிறதோ அந்தப் பக்கமே வேலையும் வளையும். ஆகவே வெளியே குவிந்த மண்ணைப் பார்த்துக் கைதட்டுவதற்கு முன் உள்ளே வழி எங்கே போகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.